செலவைப் பகிர்ந்து பாய்ப்படகில் ஒரு விடுமுறை: லங்காவி–புக்கெட் கடற்பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் லங்காவித் தீவுக்கும் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கும் இடையே, அந்தமான் கடலின் கிழக்குக் கரையை ஒட்டி, தனியாருக்குச் சொந்தமான பாய்ப்படகுகள் ஒவ்வொரு பருவத்திலும் போய்வருகின்றன. அவற்றின் உரிமையாளர்களில் பலர் படகையே வீடாக்கிக்கொண்ட தம்பதியர் அல்லது தனியாகப் படகோட்டுபவர்கள். கேபின் ஒன்று காலியாக இருந்தால், ஓரிருவரைச் சேர்த்துக்கொண்டு பயணச் செலவைப் பங்கிட்டுக்கொள்வது அவர்களிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். அப்படி ஒரு படகில் முதன்முறையாக ஏற நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன.

செலவுப் பகிர்வுப் பயணத்துக்கும் வாடகைப் படகுக்கும் என்ன வேறுபாடு?

வாடகைப் படகில் நீங்கள் வாடிக்கையாளர். படகு நிறுவனம் உரிமம் பெற்றிருக்கும், மாலுமிகளுக்குச் சம்பளம் தரும், உங்களிடம் கட்டணம் வாங்கி லாபம் பார்க்கும். செலவுப் பகிர்வுப் பயணத்தில் நீங்கள் வாடிக்கையாளர் அல்லர். அந்தப் பயணத்துக்கென்று ஆகும் நேரடிச் செலவில் ஒரு பங்கையும், படகை ஓட்டும் வேலையில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்ளும் கூட்டாளி நீங்கள். அதனால்தான் கட்டணம் குறைவு. அதனால்தான் விடியற்காலை நான்கு மணிக்கு உங்களை எழுப்பிக் காவல் பார்க்கச் சொல்லும் உரிமையும் கேப்டனுக்கு இருக்கிறது.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் கவனிக்கிறது. எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் பதிவு செய்யப்பட்ட ஓர் உல்லாசப் படகின் உரிமையாளர், பயணத்தின்போது படகை இயக்க ஆகும் நேரடிச் செலவுக்கான பங்களிப்பை மட்டுமே உடன் வருபவர்களிடம் வாங்கலாம். அதற்கு மேல் வாங்கினால் அது வணிகப் படகாகிவிடும். தாய்லாந்துக் கடலில் வெளிநாட்டுப் படகு ஒன்று உரிமம் இல்லாமல் காசுக்குப் பயணிகளை ஏற்றுவது குற்றம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கென்று எடுக்கப்பட்ட படகுக் காப்பீடும், காசுக்கு ஆள் ஏற்றியது தெரியவந்தால் கை விரித்துவிடக்கூடும். ஆகவே, பங்குத்தொகை எவ்வளவு என்பது நட்பை மட்டும் பொறுத்த விஷயமன்று. விபத்து நேர்ந்தால் உங்களுக்கு யார் பொறுப்பு என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

எவ்வளவு கேட்டால் நியாயம்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதில் தெரிந்துவிடும். லங்காவியிலிருந்து புக்கெட்டுக்கு ஏறத்தாழ 120 கடல் மைல்; ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் இது சுமார் 220 கிலோமீட்டர். நாற்பது அடிப் பாய்ப்படகு மணிக்கு ஐந்தரைக் கடல் மைல் போகும் என்று வைத்துக்கொள்வோம். வழியெல்லாம் காற்றே இல்லாமல் இயந்திரத்தை மட்டுமே நம்பிப் போனாலும் 22 மணி நேரம் ஓடினால் போதும். அந்த அளவு படகின் இயந்திரம் மணிக்கு மூன்று, நான்கு லிட்டர் டீசல் குடிக்கும். ஆக, தொண்ணூறு லிட்டருக்குள் முடிந்துவிடும் பயணம் இது. தீவு தீவாகச் சுற்றினால் அதைப்போல ஒரு மடங்கு கூடலாம். இந்த டீசலோடு மளிகை, சமையல் எரிவாயு, தேசியப் பூங்காக் கட்டணம், துறைமுக நடைமுறைக் கட்டணம், ஓரிரு இரவு படகுத்துறையில் கட்டிவைக்கும் வாடகை, கரைக்குப் போய்வரும் டிங்கி என்னும் சிறு ரப்பர் படகின் பெட்ரோல் ஆகியவற்றைச் சேர்த்து, படகில் இருக்கும் தலைகளால் வகுத்தால் வருவதுதான் உங்கள் பங்கு.

அந்தத் தொகையைவிடப் பல மடங்கை 'நாளொன்றுக்கு இவ்வளவு' என்று ஒருவர் கேட்டால், அவர் உங்களிடம் உரிமமில்லாத வாடகைப் படகை விற்கிறார் என்று பொருள். அப்படிப்பட்ட படகில் ஏற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதே தொகைக்குச் சட்டப்படி உரிமம் பெற்ற படகையே நாலு பேர் சேர்ந்து எடுத்துவிடலாம்.

பாயில் விழுந்த கிழிசல், இயந்திரப் பழுது, ஆண்டுக் காப்பீடு, படகைக் கரையேற்றி அடிப்பகுதிக்கு வண்ணம் பூசுவது ஆகிய செலவெல்லாம் உரிமையாளரைச் சேர்ந்தவை. அவற்றில் பங்கு கேட்பது முறையன்று. உங்கள் கவனக்குறைவால் ஒரு பொருள் உடைந்தாலோ கடலில் விழுந்தாலோ என்ன செய்வது என்பதை மட்டும் முன்னதாகவே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பாயின் கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச்சின் கைப்பிடி ஒன்று கைநழுவிக் கடலுக்குள் போனால் புதிது வாங்கக் கணிசமாகச் செலவாகும். அது அடிக்கடி நடப்பதுதான்.

பணத்தைக் கையாள எளிய வழி, ஒரு டப்பாவும் ஒரு நோட்டும். புறப்படும் நாளில் உரிமையாளர் உட்பட எல்லாரும் ஒரே தொகையைப் போட வேண்டும். எடுக்கும்போதெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். தீர்ந்தால் மறுபடியும் சமமாகப் போட வேண்டும். மது அருந்துபவர்களின் செலவை இதில் கலக்காமல் தனியே வைத்தால் மனக்கசப்பு வராது. லங்காவி 1987 முதல் சுங்க வரியில்லாத் தீவு என்பதால் அங்கே மது மலிவு. அளவின்றி வாங்கி அடுக்குவோர் உண்டு. அந்தச் செலவு மற்றவர் தலையில் விழக் கூடாது.

எந்த மாதங்களில் போகலாம்?

டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை. நம் மீனவர்கள் வாடை, கொண்டல் என்று சொல்லும் வடக்கு, கிழக்குத் திசைகளிலிருந்து அப்போது காற்று வீசும். அது நிலத்தைக் கடந்து வருவதால் மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அலை எழும்பாது. படகு சாய்ந்து ஓடினாலும் கடல் தட்டையாக இருக்கும். பாய் ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பருவம் இல்லை. ஏப்ரலில் காற்று ஓய்ந்து இயந்திரத்தின் இரைச்சலோடு பயணம் செய்ய நேரிடும்.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று திறந்த கடலிலிருந்து நேராகக் கரையை நோக்கி அடிக்கும். பாதுகாப்பாக நங்கூரமிடும் இடங்கள் குறைந்துவிடும். அந்த மாதங்களில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து 'சுமத்திரா' என்று படகோட்டிகள் அழைக்கும் சூறைக்காற்று, பெரும்பாலும் இரவிலோ விடியலுக்கு முன்போ, இடிமழையோடு திடீரென்று வந்து தாக்கும். தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் போன்ற பூங்காக்கள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே இருக்கும். முதல் பயணத்துக்கு இந்த மாதங்கள் வேண்டாம்.

எனக்குப் பாய்ப்படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. சேர்த்துக்கொள்வார்களா?

பெரும்பாலோர் சேர்த்துக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரைக் கேப்டன்களுக்குப் பிடிக்கும். ஆனால் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அது மட்டும் போதாது. கரைக்குப் போகவும் வரவும் சிறு ரப்பர் படகில் ஏறி இறங்க வேண்டியிருப்பதாலும், பல கடற்கரைகளில் இடுப்பளவு நீரில் இறங்கி நடக்க வேண்டியிருப்பதாலும், தண்ணீரைக் கண்டு அஞ்சுபவருக்கு ஒவ்வொரு நாளும் வேதனையாகிவிடும். நூறு மீட்டர் பதற்றமில்லாமல் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் முடிந்தால் போதும்.

முன்பின் தெரியாத ஒருவரின் படகில் ஏறுவது எப்படி? கேப்டனை எப்படி எடைபோடுவது?

இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும்விட நிதானமாகப் படிக்க வேண்டிய விடை இதுதான். கரையில் இனிமையாகப் பேசுபவர் கடலில் கத்துபவராக இருக்கலாம். கூச்ச சுபாவமுள்ளவர் அருமையான கேப்டனாக இருக்கலாம். எனவே பேச்சை நம்பாமல் சில செய்திகளைக் கேட்டு வாங்குங்கள்: படகின் பெயர், பதிவு செய்யப்பட்ட நாடு, பதிவுச் சான்றின் படம், காப்பீடு நடப்பில் உள்ளதா என்பது, கேப்டனின் தகுதிச் சான்று, அதற்கும் மேலாக, முன்பு அவரோடு பயணம் செய்த இருவரின் தொடர்பு. கடைசியாகச் சொன்னதைத் தரத் தயங்குபவரோடு போகாதீர்கள். தந்தால், அவர்களிடம் 'மறுபடியும் அவரோடு போவீர்களா?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் விடையும், விடைக்கு முன் வரும் தயக்கமும் போதிய தகவலைத் தரும்.

வீடியோ அழைப்பில் படகின் உள்ளே சுற்றிக் காட்டச் சொல்வதில் தவறில்லை. உங்களுக்கு எந்தப் படுக்கை, அதற்குக் கதவு உண்டா, உள்ளிருந்து தாழிட முடியுமா என்பதைக் கண்ணால் பாருங்கள். ஏறிய பிறகு, புறப்படுவதற்கு முன், பாதுகாப்புச் சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள்: ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு, காலாவதியாகாத தீயணைப்பான், உயிர்காப்பு மிதவை, பிற படகுகளோடும் கரையோடும் பேச உதவும் விஎச்எஃப் வானொலி, ஆபத்தில் செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் சைகை அனுப்பும் எபிர்ப் கருவி. வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது எப்படி என்பதைப் படகில் உள்ள எல்லாரும் கற்றிருக்க வேண்டும், ஏனென்றால் கடலில் விழுபவர் கேப்டனாகவே இருந்துவிடலாம். நல்ல கேப்டன் இதையெல்லாம் நீங்கள் கேட்குமுன் தாமே காட்டுவார்.

தனியாக வரும் பெண்களுக்கு ஒரு சொல். கேப்டன் தனி ஆணாக இருந்து நீங்கள் மட்டுமே உடன் செல்வதாக இருந்தால், முதல் பயணத்துக்கு அந்த ஏற்பாட்டைத் தவிர்த்துவிடுங்கள். தம்பதியரின் படகையோ, ஏற்கெனவே மூன்று நான்கு பேர் சேர்ந்த படகையோ தேர்ந்தெடுங்கள். லங்காவியைச் சுற்றி ஒரு பகல் முழுக்கப் படகோட்டிவிட்டு மாலையில் கரையில் உட்கார்ந்து முடிவெடுக்கலாம் என்று கேளுங்கள். பயணத் திட்டத்தையும் படகின் பெயரையும் வீட்டாரிடம் கொடுத்துவைத்து, எந்த எந்த நாளில் கைப்பேசித் தொடர்பு கிடைக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள். இவற்றைக் கேட்டு முகம் சுளிப்பவர் உங்களுக்கான கேப்டன் அல்லர்.

விசா, குடிநுழைவு நடைமுறைகள் எப்படி?

விமானத்தில் வந்து படகில் வெளியேறுவதுதான் குழப்பத்துக்கு இடம் தருவது. லங்காவியில் இறங்கும்போது சாதாரணப் பயணியாகவே மலேசியாவுக்குள் நுழைகிறீர்கள். படகு புறப்படும் முன், கேப்டன் உங்கள் பெயரைப் படகுப் பணியாளர் பட்டியலில் சேர்த்து, துறைமுக அலுவலகம், குடிநுழைவு, சுங்கம் ஆகிய மூன்றிலும் முத்திரை வாங்க வேண்டும். உங்கள் கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை விழுந்ததை நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். அது இல்லாமல் அடுத்த நாட்டுக்குப் போனால், பிறகு எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதே கேள்வியாகிவிடும்.

தாய்லாந்துக் கடலுக்குள் நுழைந்ததும் படகில் மஞ்சள் கொடி ஏற்றப்படும். நுழைவு நடைமுறைகள் இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளம் அது. புக்கெட்டில் சாலோங் விரிகுடாவின் நீண்ட துறைப்பாலத்தருகே உள்ள அலுவலகத்தில் மூன்று துறைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வழியில் எங்கே நிற்கலாம், எங்கே கரையிறங்கலாம் என்பதைக் கேப்டனிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புக்கெட்டிலிருந்து நீங்கள் விமானத்தில் திரும்பினால், பணியாளர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்கும் வேலையைக் கேப்டன் முடித்தாக வேண்டும். இதை மறந்துவிட்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது உண்டு. கையில் திரும்பும் விமானச் சீட்டும், கேப்டன் கையெழுத்திட்ட ஒரு கடிதமும், படகின் பதிவுச் சான்றின் நகலும் வைத்திருங்கள். மலேசியா, தாய்லாந்து இரண்டுமே வருகை அட்டையை இணையவழியில் நிரப்பச் சொல்கின்றன. தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல் நடப்பில் உள்ளது. விசா விலக்கு விதிகள் இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் வேறு வேறாக இருக்கலாம், அடிக்கடி மாறவும் செய்யும். எனவே அந்தந்தத் தூதரகத்தின் தளத்தைப் புறப்படும் மாதத்தில் மீண்டும் ஒரு முறை பாருங்கள்.

மின்சிகரெட் தாய்லாந்தில் தடைசெய்யப்பட்டது. போதைப்பொருள் பற்றி இரு நாட்டுச் சட்டமும் கடுமையானது. ஒருவர் பையில் உள்ள பொருளுக்காகப் படகே பறிமுதலாகலாம். இதில் எந்தக் கேப்டனும் விட்டுக்கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது.

பயணக் காப்பீடு தேவையா?

கட்டாயம் தேவை. படகின் காப்பீடு பெரும்பாலும் படகுக்கும் மூன்றாம் தரப்பினருக்கும் உரியது. உங்கள் கால் முறிவுக்கு அது பொறுப்பேற்காது. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் பாய்ப்படகில் செல்வதையும், பணியாளராகப் படகில் வேலை செய்வதையும் விலக்கிவிடுகின்றன. விதிமுறைகளின் அந்தப் பகுதியைத் தேடிப் படித்து, ஐயமிருந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் விடை வாங்குங்கள்.

படகில் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும்?

சமையல், பாத்திரம் கழுவுதல், தளத்தைத் துடைத்தல் ஆகியவை முறைவைத்து எல்லாருக்கும் வரும். சுக்கான் பிடிப்பதும் முறைப்படி வரும்; அதில் அரை மணி நேரத்தில் கைபழகிவிடும். நங்கூரமிடும்போது படகின் முன்பகுதியான அணியத்தில் ஒருவர் நின்று சங்கிலியை இறக்க, பின்பகுதியான அமரத்தில் கேப்டன் இயந்திரத்தைப் பார்ப்பார். இயந்திர இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் கைச்சைகைகளை முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும்.

வின்ச் ஒன்றைத்தான் கவனமாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பாயின் கயிற்றை அந்த உருளையில் வலஞ்சுழியாக மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பீர்கள். காற்று ஏறும்போது அந்தக் கயிறு இரும்புக் கம்பியைப்போல விறைத்துவிடும். தளர்த்த வேண்டுமானால், ஒரு உள்ளங்கையைச் சுருள்களின்மேல் தட்டையாக அழுத்தி, மறு கையால் வாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். விரல்களைச் சுருளுக்கும் உருளைக்கும் இடையே ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது. பெருவிரலை மேலே நீட்டவும் கூடாது. மோதிரத்தைப் படகேறும் நாளிலேயே கழற்றிவிடுங்கள். பாயின் அடியில் கிடைமட்டமாக உள்ள பூம் என்னும் கம்பும் அப்படித்தான்: காற்று பின்னாலிருந்து வரும்போது அது எதிர்பாராமல் மறுபக்கம் வீசி அடிக்கும். அதன் வீச்சுக்குள் நிமிர்ந்து நிற்காமலிருப்பது முதல் நாளே பழக்கமாக வேண்டும்.

இந்தப் பாதையில் பெரும்பாலும் பகலில்தான் ஓட்டுவார்கள். இரவில் போக நேர்ந்தால் காவல் முறை வரும். தாய்லாந்துக் கடலில் கணவாய் மீன் பிடிக்கும் படகுகள் பச்சை விளக்குகளை வரிசையாக எரித்துக்கொண்டு நிற்கும். தொலைவில் ஒரு நகரமே கடலில் எழுந்ததுபோல வானம் பச்சையாகத் தெரியும். அவை அசையாமல் நிற்பதாக நினைத்து நெருங்கிவிடக் கூடாது. வலைகளின் மிதவைகளில் விளக்கே இருக்காது. படகை உந்தும் சுழலியில் வலைக்கயிறு சிக்கினால் யாராவது மூச்சடக்கி இறங்கித்தான் அறுக்க வேண்டும். ஐயம் தோன்றியதும் கேப்டனை எழுப்புங்கள். காரணமில்லாமல் எழுப்பிவிட்டோமே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

கழிப்பறை, குளியல், தூக்கம் எல்லாம் எப்படி?

கழிப்பறை உண்டு, சிறியது. கையால் இயக்கும் பம்பில் கடல்நீரை இழுத்துத் தள்ள வேண்டும். காகிதத்தை அதில் போடக் கூடாது. அடைத்துக்கொண்டால் கழற்றிச் சுத்தம் செய்வது முழு நாள் வேலை. பயன்படுத்தியபின் தண்ணீர் வால்வை மூடிவிட்டு வருவது முக்கியம்.

நன்னீர்த் தொட்டியின் கொள்ளளவு பெரும்பாலும் சில நூறு லிட்டர்தான். நாலு பேர் பத்து நாள் ஓட்ட வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, உடம்பு அலச எல்லாம் சேர்த்துப் பத்து லிட்டருக்கு மேல் கிடைக்காது. கடலில் குளித்துவிட்டு, கடைசியில் ஒன்றிரண்டு லிட்டர் நன்னீரில் உப்பை அலசிக்கொள்வது வழக்கம். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி உள்ள படகுகளில் இந்த நெருக்கடி குறையும்.

கேபினுக்குள் இரவில் வெப்பம் அதிகம். குளிர்சாதனம் கரை மின்சாரம் இருக்கும் இடத்தில்தான் ஓடும். மற்ற இரவுகளில் சிறு மின்விசிறியும் திறந்த கூரைச் சாளரமும்தான். பலர் தளத்தில் படுப்பார்கள். தனிமை வேண்டுபவர்களுக்கு இந்த வாழ்க்கை கடினம்; அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். லங்காவியின் குவா நகரில் அரிசி, பருப்பு, மசாலாப் பொடி, காய்கறி எல்லாம் கிடைக்கும். தென்தாய்லாந்தின் சிறு தீவுகளில் பருப்பைத் தேடி அலைய வேண்டாமல் அங்கேயே வாங்கி ஏற்றிவிடுவது நல்லது. பிரஷர் குக்கரைப் பாய்ப்படகுக்காரர்கள் பெரிதும் விரும்புகிறார்கள்: மூடி இறுக்கமாக இருப்பதால் படகு ஆடினாலும் கொதிநீர் சிந்தாது, எரிவாயுவும் மிச்சம். சாம்பாரும் சாதமும் ஒரே நேரத்தில் வைக்கத் தெரிந்தவருக்குப் படகில் மதிப்பு கூடிவிடும். தாய் உணவகங்களில் மீன் சாறு கலக்காத கறி கிடைப்பது அரிது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமைத்து முடித்ததும் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேறாமல் படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

கடல் குமட்டல் வருமா?

வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கரையில் குறைவு, ஆனால் யாருக்கும் உறுதி கூற முடியாது. மாத்திரையைக் குமட்டல் தொடங்கியபின் விழுங்கிப் பயனில்லை, வயிற்றில் தங்காது. முந்தைய இரவோ, புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்போ எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துப்போகும் என்பதை மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். சில மாத்திரைகள் கடுமையான தூக்கத்தைத் தரும். படகில் தலை சுற்றினால் கேபினுக்குள் போய்க் கைப்பேசியைப் பார்க்காதீர்கள். வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கானை வாங்கிக்கொள்ளுங்கள். இஞ்சி சிலருக்கு உதவுகிறது. வாந்தி வந்தால் காற்று போகும் பக்கமாக, ஒருவர் உங்களைப் பிடித்திருக்க, எடுங்கள்.

வேறு என்ன ஆபத்துகள் உண்டு?

பெட்டி ஜெல்லிமீன். மலேசியா, தாய்லாந்துக் கரைகளில் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. உடல் முழுவதும் மூடும் மெல்லிய நீச்சல் உடை நல்ல காப்பு. கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், நன்னீர் ஊற்றாதீர்கள். வினிகரைக் குறைந்தது முப்பது விநாடி ஊற்றியபின் ஒட்டியிருக்கும் இழைகளை எடுங்கள். மூச்சு நின்றால் உடனே நெஞ்சழுத்தம் தர வேண்டும். படகில் பெரிய பாட்டில் வினிகர் இருக்கிறதா என்பதைக் கேட்டுவிடுங்கள். இருக்காவிட்டால் நீங்களே வாங்கி வாருங்கள், விலை சொற்பம்.

டிங்கியில் இரவில் போகும்போது விளக்கில்லாமல் போவது, மது அருந்தியபின் படகுக்குத் திரும்புவது, பவளப்பாறை கீறிய காயத்தைக் கழுவாமல் விடுவது: உண்மையில் அதிகம் பேரைத் துன்புறுத்துபவை இவைதான்.

வழியில் எங்கெங்கே நிற்பார்கள்?

அது காற்றையும் கேப்டனையும் பொறுத்தது. வழக்கமாக, லங்காவியிலிருந்து ஒரு பகல் ஓட்டத்தில் லிப்பே தீவையும் அதையடுத்த அடாங், ராவி தீவுகளையும் அடைவார்கள். இவை 1974இல் அமைந்த தாருத்தாவ் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அடுத்து ரோக் தீவுகளின் தெளிந்த நீர். பிறகு மூக் தீவின் மரகதக் குகை: ஏறத்தாழ எண்பது மீட்டர் இருட்டுச் சுரங்கத்தில் நீந்திப் போனால், நாலுபுறமும் செங்குத்துப் பாறை சூழ்ந்த ஒரு சிறு மணற்கரை திறக்கிறது. நீர் வற்றும் நேரத்தில்தான் நுழைய வேண்டும். கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணை பார்க்காமல் யாரும் போகக் கூடாது. சுற்றுலாப் படகுகள் கிளம்பிப்போனபின், மாலையில், நங்கூரமிட்ட படகிலிருந்து அங்கே போக முடிவதுதான் இந்த வகைப் பயணத்தின் பேறு.

பிபி தீவுகளில் மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு, பவளம் தேற அவகாசம் தந்து, 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய அனுமதியில்லை. பூங்காக் கட்டணத்தில் வெளிநாட்டவருக்கு அங்கே ஆளுக்கு 400 பாட். கடல்சார் பூங்காக்களில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருள் கலந்த சூரியத் தடுப்புக் களிம்புகள் 2021 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. பவளத்தின்மேல் நங்கூரம் போடும் கேப்டனைக் கண்டால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள். மணல் திட்டோ, பூங்காவின் மிதவையோ தேடிக் கட்டுவதுதான் முறை.

தமிழருக்கு இந்தக் கடல் புதிதன்று. லங்காவி அடங்கிய கெடா மாநிலம்தான் சோழர் கல்வெட்டுகளில் வரும் கடாரம். புக்கெட்டுக்கு வடக்கே தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காக்கும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரையும் குறிக்கிறது. அவர்களுடைய கலங்களும் இதே பருவக்காற்றுகளை எதிர்பார்த்துத்தான் காத்திருந்தன.

என்னென்ன கொண்டுவர வேண்டும்?

மடிக்கக்கூடிய துணிப்பை, சக்கரப் பெட்டியை வைக்கப் படகில் இடமே கிடையாது. நீளக்கை மெல்லிய சட்டைகள், கட்டும் கயிறுள்ள தொப்பி, வெள்ளை அடிப்பகுதியுள்ள மென்காலணி, சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு, உங்கள் மருந்துகள் இரு மடங்கு. கைப்பேசிக்கு மின்னூட்டம் கிடைக்கும். தலைமுடி உலர்த்தி போன்றவை வேண்டாம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

உரிமையாளர் படகிலேயே குழந்தைகள் இருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள். மற்றபடி முதல் பயணத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒத்துப்போகாவிட்டால் பாதியில் இறங்க முடியுமா?

முடியும், அந்த உரிமையை ஏறும் முன்பே எழுத்தில் பெற்றுவிட வேண்டும். படகு ஓடும்போது கேப்டனின் சொல்லே முடிவு, அங்கே வாக்கெடுப்புக்கு இடமில்லை. ஆனால் நுழைவு நடைமுறைகள் முடிந்தபின், படகு அடையும் எந்தத் துறையிலும் இறங்கிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் கடவுச்சீட்டு அலுவலக வேலை நடக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் உங்களிடமே இருக்க வேண்டும்; அதைப் பிடித்துவைக்கும் கேப்டனோடு விவாதிக்காமல், குடிநுழைவு அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள்.

ஒரு பக்கத்தில் அடங்கும் ஒப்பந்தம் போதும். யார் யார் வருகிறார்கள், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எவை பொதுச் செலவு, முன்னதாக இறங்குபவருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும், காற்றாலோ பழுதாலோ பயணம் தாமதமானால் விமானச் சீட்டு யார் பொறுப்பு என்பவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடைசிக் கேள்விக்கு நியாயமான விடை, அவரவர் சீட்டு அவரவர் பொறுப்பு என்பதே. காற்று யாருக்கும் தேதி கொடுப்பதில்லை என்பதால், புக்கெட்டை அடைவதாகத் திட்டமிட்ட நாளுக்கும் விமான நாளுக்கும் இடையே குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள். விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று கேப்டனை நெருக்கி, நிற்க வேண்டிய வானிலையில் புறப்படச் செய்வதைப்போல ஆபத்தான காரியம் வேறில்லை. இறங்கும் நாளில் டப்பாவில் மிஞ்சிய பணத்தை நோட்டோடு ஒப்பிட்டுப் பிரித்துக்கொண்டு, பணியாளர் பட்டியலில் உங்கள் பெயர் நீங்கியதற்கான தாளையும் வாங்கிக்கொண்டு கரையேறுங்கள்.